சைட்டோபிளாசம்: படத்தில் வெள்ளையாக விட்ட இடம்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு

பத்தாம் வகுப்பில் செல் படம் வரையாதவர் நம்மில் ஒருவரும் இருக்க முடியாது. முதலில் ஒரு பெரிய வட்டம். நடுவில் இன்னொரு சின்ன வட்டம், அது உட்கரு. அதைச் சுற்றிப் புளியங்கொட்டை மாதிரி இரண்டு மூன்று மைட்டோகாண்ட்ரியா. மடித்து வைத்த துணி மாதிரி ஒரு கோல்கி. அப்புறம் மிச்சம் கிடக்கிற காலி இடத்துக்குள் ஒரு கோட்டை இழுத்து 'சைட்டோபிளாசம்' என்று எழுதி, மார்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். மற்ற பாகங்களுக்கெல்லாம் உருவம் உண்டு, கலர் பென்சிலும் உண்டு. சைட்டோபிளாசத்துக்கு மட்டும் வெள்ளைத் தாள். 'ஜெல்லி போன்ற பொருள்' என்ற ஒரே வரியோடு அதன் கதை முடிந்தது.

டிப்ளமோவில் சேர்ந்தபிறகு உயிரியலுக்கும் நமக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த வெள்ளை இடத்தில் நடக்கிற வேலைகளைப் பார்த்தால், அது மற்றவர்களைவிட நமக்குத்தான் சுலபமாகப் புரியும். விஸ்காசிட்டி, சுமை, வேகம், எஃபிஷியன்சி, சரக்கு ஏற்றி இறக்குவது எல்லாமே நம்ம சிலபஸ்தானே!

அளவு என்ன?

முதல் வருட ஒர்க்ஷாப்பில் நம் கையில் கொடுத்த மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மி.மீ. அதாவது 10 மைக்ரான். நம் உடம்பின் சாதாரண செல் ஒன்று ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரான். ரத்தச் சிவப்பணு 7, 8 மைக்ரான்தான். அந்த மைக்ரோமீட்டரின் ஒரு பிரிவுக்குள் முழுசாக அடங்கிவிடும்! நாம் "ஒரு டிவிஷன்தானே, பரவாயில்லை" என்று விட்டுவிடுகிற தூரத்துக்குள்தான் ஒரு முழுத் தொழிற்சாலை நடக்கிறது.

பெயர் வந்த வழி

1665-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தார். சின்ன அறை என்று பொருள். அவர் பார்த்தது செத்துப்போன தக்கை. உள்ளே இருந்ததெல்லாம் காய்ந்து போய்ச் சுவர் மட்டும் நின்றது. ஆக, 'செல்' என்ற பெயரே காலி வீட்டைப் பார்த்து வைத்த பெயர். குடியிருப்பவரைப் பார்க்க இன்னும் நூறு வருடத்துக்குமேல் ஆயிற்று. 1774-ல் இத்தாலிக்காரரான கோர்ட்டி, குளத்தில் வளரும் கேரா என்ற பாசிச் செடியின் செல்லுக்குள் ஒரு திரவம் சுற்றிச் சுற்றி ஓடுவதைக் கண்டார். 1835-ல் பிரான்சின் துஜார்தான் ஒருசெல் உயிரிகளுக்குள் இருக்கும் பிசுபிசுப்பான உயிர்ப்பொருளைப் பற்றி எழுதினார். 1839-ல் செக் நாட்டுப் புர்கின்யே 'புரோட்டோபிளாசம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். 1846-ல் ஹியூகோ ஃபான் மோல் அதைத் தாவரச் செல்லுக்கும் பொருத்தினார். 'சைட்டோபிளாசம்' என்ற சொல் 1860களில் கோலிக்கர் என்பவர் தந்தது. முதலில் இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்தான். பிறகுதான் உட்கரு நீங்கலாக, செல் சவ்வுக்குள் இருக்கும் மற்றதெல்லாம் சைட்டோபிளாசம் என்று நிலைத்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் போன்ற உறுப்புகளையும் சேர்த்துச் சொன்னால் சைட்டோபிளாசம். அவற்றை நீக்கிவிட்டு, அவை மிதக்கிற திரவத்தை மட்டும் சொன்னால் சைட்டோசால். ஷெட், மெஷின், எண்ணெய் எல்லாம் சேர்ந்தது முதலாவது. எண்ணெய் மட்டும் இரண்டாவது. கல்லீரல் செல் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 54 சதவீதம் சைட்டோசால், 22 சதவீதம் மைட்டோகாண்ட்ரியா. படத்தின் நடுவே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும் உட்கரு வெறும் 6 சதவீதம்தான்!

ஜெல்லியா? காலை பஸ்ஸா?

செல்லில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். ஒரு லிட்டர் சைட்டோபிளாசத்தில் 200 முதல் 300 கிராம் வரை புரதமும் மற்ற பெரிய மூலக்கூறுகளும் இருக்கும் என்று கணக்கு. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் 10 சதவீதம்தான். அதைவிட இரண்டு மூன்று மடங்கு நெரிசல் நம் செல்லுக்குள்! அப்படியானால் கோந்து மாதிரிக் கெட்டியாக இருக்க வேண்டுமே?

இருக்கிறது, இல்லை, இரண்டும் சரி. காலை எட்டரை மணி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் மகன் என்று ஒரு சின்னப் பையன் ஏறினால், கால்களுக்கு நடுவே புகுந்து முன் சீட்டுக்குப் போய்விடுவான். அரிசி மூட்டையோடு ஒருவர் ஏறினால் ஃபுட்போர்டைத் தாண்ட முடியாது. சைட்டோபிளாசமும் அதே கதைதான். குளுக்கோஸ், பொட்டாசியம் அயனி மாதிரிச் சின்னவர்களுக்கு அது கிட்டத்தட்டத் தண்ணீர். நடுத்தரப் புரதத்துக்கு மூன்று நான்கு மடங்கு தடை. ரைபோசோம் போன்ற 25, 30 நானோமீட்டர் பருமன் உள்ளவைக்கு இன்னும் பல மடங்கு தடை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஒரு எண்ணெய்க்கு ஒரே விஸ்காசிட்டி என்று டேபிளில் பார்த்துப் போட்டுவிடுகிறோம். இங்கே போகிற ஆளைப் பொறுத்து விஸ்காசிட்டி மாறும். இதைச் சுருக்கமாக 'ஜெல்லி' என்று எழுதி முடித்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொரு வேடிக்கை. 2014-ல் பாக்டீரியாக்களில் செய்த ஆய்வு ஒன்றில், செல்லுக்குச் சாப்பாடு கிடைத்து வேலை ஓடிக்கொண்டிருக்கும்வரை சைட்டோபிளாசம் இளக்கமாக இருப்பதும், வேலை நின்றால் கண்ணாடி மாதிரி இறுகுவதும் தெரிய வந்தது. பெரிய துகள்கள் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. பனிக்கால விடியலில் நிறுத்தி வைத்த லாரியின் கியர் ஆயில் நினைவுக்கு வருகிறதல்லவா? 2009-ல் ஒரு புழுவின் கருவை ஆராய்ந்தவர்கள், சவ்வே இல்லாமல் சில புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்து, ரசத்தின்மேல் எண்ணெய்ச் சொட்டு மிதப்பது போலத் தனிச் சொட்டுகளாகத் திரள்வதைக் காட்டினார்கள். சுவர் எழுப்பாமலே தனி ரூம்!

ரூம் என்றதும் இளநீர் ஞாபகம் வருகிறது. தேங்காயின் இளம் பருவத்தில் உள்ளே கருவுக்கு உணவாக உருவாகும் திசுவில், உட்கரு பிரிந்துகொண்டே போகும், நடுவே சுவர் மட்டும் எழும்பாது. உட்கருக்கள் திரவத்தில் சும்மா மிதக்கும். பிறகு ஓரத்திலிருந்து சுவர்கள் எழும்பி வருவதுதான் வழுக்கை. அடுத்த தடவை இளநீர் குடிக்கும்போது, அறை பிரிக்காத வீட்டைக் குடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் என்ன வேலை நடக்கிறது?

1897-ல் ஜெர்மனியில் பூக்னர் என்பவர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாற்றை மட்டும் எடுத்தார். முழுச் செல் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாறு சர்க்கரையைப் புளிக்க வைத்தது. உயிர் இருந்தால்தான் நொதிக்கும் என்று அடித்துச் சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1907-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு. அந்தச் சாறு வேறொன்றுமில்லை, பிழிந்தெடுத்த சைட்டோபிளாசம்தான்.

குளுக்கோஸைப் பத்துப் படிகளில் உடைக்கும் வேலை முழுக்கச் சைட்டோசாலில் நடக்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு நிகர லாபம் 2 ஏ.டி.பி. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் ஆக்சிஜனோடு எரிந்தால் மொத்தம் 30 வரை கிடைக்கும். 'அப்புறம் எதுக்கு இந்த ரெண்டு ரூபாய் வியாபாரம்?' என்று கேட்கலாம். ரத்தச் சிவப்பணுவைக் கேளுங்கள். அதற்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. இந்த ரெண்டு ரூபாய் வியாபாரத்தை வைத்தே ஏறத்தாழ 120 நாள் ஓடி, நமக்கு ஆக்சிஜன் சுமக்கிறது. உட்கரு இல்லாமல் நான்கு மாதம் பிழைக்கிற செல் உண்டு. சைட்டோபிளாசம் இல்லாமல் ஒரு நிமிடம் பிழைக்கிற செல்லைக் காட்டுங்கள் பார்ப்போம்.

புரதம் செய்யும் லேத் மெஷின்களான ரைபோசோம்களும் இங்கேதான் இருக்கின்றன. டிராயிங் உட்கருவிலிருந்து வரும், உருப்படி கடைவது வெளியே. பாக்டீரியாவின் ரைபோசோம் நொடிக்கு 20 அமினோ அமிலம் வரை கோர்க்கும். இந்த மெஷினின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.

தூரத்தின் வர்க்கம்

இனிதான் முக்கியமான இடம். செய்த பொருளைத் தேவைப்படும் இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? சின்னச் செல்லில் இது பிரச்சினையே இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு மை பரவுகிற மாதிரி, மூலக்கூறுகள் முட்டி மோதித் தானாகவே பரவிவிடும். இதற்குப் பெயர் விரவல். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தைப் பொறுத்ததல்ல, தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குழாய் மாதிரி நீண்ட இடத்துக்குச் சூத்திரம் இதுதான்:

நேரம் = (தூரம் × தூரம்) ÷ (2 × விரவல் எண்)

ஜெல்லிமீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர் புரதத்தைச் செல்லுக்குள் வைத்து அளந்திருக்கிறார்கள். நடுத்தரப் புரதம் அது. விரவல் எண் நொடிக்கு ஏறத்தாழ 25 சதுர மைக்ரான். தண்ணீரில் 87. கால்குலேட்டரை எடுங்கள்.

10 மைக்ரான் போக: 100 ÷ 50 = 2 நொடி. ஒரு சாதாரணச் செல்லைக் கடந்தாயிற்று.

1 மி.மீ. போக: 10,00,000 ÷ 50 = 20,000 நொடி. ஐந்தரை மணி நேரம்.

1 செ.மீ. போக: 20 லட்சம் நொடி. 23 நாள்.

1 மீட்டர் போக: 2000 கோடி நொடி. ஆண்டில் சொன்னால் 630-ஐத் தாண்டும்!

ஒரு மீட்டரில் செல் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? உங்கள் காலில்தான். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் உடலை வைத்துக்கொண்டு, பாதம்வரை ஒரே நாராக நீளும் நரம்புச் செல்கள் நம்மிடம் இருக்கின்றன. உட்கரு இடுப்புக்கு மேலே, முனை கால்விரலில், நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்குச் சைட்டோபிளாசம் நிரம்பிய மெல்லிய குழாய். பெரும்பாலான புரதங்கள் உட்கரு பக்கமே தயாராகின்றன. விரவலை மட்டும் நம்பினால், கட்டபொம்மன் காலத்துக்கு முந்நூறு ஆண்டுக்கு முன் புறப்பட்ட புரதம்கூட இன்னும் கால்விரலுக்கு வந்து சேர்ந்திருக்காது. ஆனால் நாம் நடக்கிறோம், கல் குத்தினால் வலிக்கிறது. அப்படியானால் உள்ளே ரோடு இருக்க வேண்டும். வண்டியும் இருக்க வேண்டும்.

தண்டவாளமும் எஞ்சினும்

ரோடு இருக்கிறது. சைட்டோபிளாசத்துக்குள் மூன்று வகை இழைகள் ஓடுகின்றன. ஆக்டின் இழை 7 நானோமீட்டர் தடிமன். இடைநிலை இழை 10 நானோமீட்டர், நம்ம கான்கிரீட்டில் கம்பி மாதிரி இழுவிசை தாங்குவதற்கு. மூன்றாவது நுண்குழல், 25 நானோமீட்டர் விட்டமுள்ள, உள்ளே பொள்ளலான பைப். அதே எடைக்குக் கெட்டித் தண்டைவிடப் பொள்ளல் தண்டு வளைவை நன்றாகத் தாங்கும் என்று ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்தோமே, அந்தக் கணக்கைச் செல் பல கோடி ஆண்டுக்கு முன்பே போட்டுவிட்டது. டியூபுலின் என்ற புரதக் கற்களை வரிசையாக அடுக்கி, பொதுவாக 13 வரிசையைச் சுற்றி வளைத்தால் ஒரு குழல்.

எஞ்சினை 1985-ல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் உட்ஸ் ஹோல் கடலுயிர் ஆய்வகத்தில் கணவாய் மீனின் ராட்சத நரம்பைப் பயன்படுத்தினார்கள். அது ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன். ஒரு முனையை வெட்டி, டூத்பேஸ்ட் மாதிரிப் பிதுக்கினால் சைட்டோபிளாசம் மட்டும் வெளியே வரும். வெளியே வந்த பிறகும் அதற்குள் சின்னச் சின்னத் துகள்கள் குழல்களின்மேல் ஓடிக்கொண்டே இருந்தன! வேல், ரீஸ், ஷீட்ஸ் மூவரும் அதிலிருந்து பிரித்தெடுத்த புரதத்துக்குக் 'கைனசின்' என்று பெயர் வைத்தார்கள்.

கைனசினுக்கு இரண்டு 'கால்' உண்டு. நுண்குழலைப் பிடித்தபடி ஒன்று மாற்றி ஒன்று எடுத்து வைத்து நடக்கிறது. ஓர் அடி 8 நானோமீட்டர், ஓர் அடிக்கு ஓர் ஏ.டி.பி. செலவு. நொடிக்கு நூறு அடி போடும். அதாவது நொடிக்கு 0.8 மைக்ரான். 6 பிக்கோநியூட்டன் வரை எதிர்விசை கொடுத்தால்தான் நிற்கும். நம் பாணியில் எஃபிஷியன்சி போடுவோம். 6 × 8 = 48 அலகு வேலை. செல்லுக்குள் ஓர் ஏ.டி.பி. தருவது அதே அலகில் ஏறத்தாழ 80. ஆக, நிற்கப்போகும் தறுவாயில் உள்ள சுமையில் 60 சதவீதம்! தெர்மல் லேபில் நாம் லோடு டெஸ்ட் செய்யும் பெட்ரோல் எஞ்சினுக்கு 25, 30 வந்தாலே பெரிய விஷயம். இந்த ஒப்பீடு முழு நியாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைனசின் வெப்ப எஞ்சின் அல்ல, கார்னோ விதித்த எல்லை அதற்குப் பொருந்தாது.

இன்னொன்று, இந்த எஞ்சினுக்கு ஃப்ளைவீல் வைத்தால் வீண். அந்த அளவில் நிறையின் உந்தம் கணக்கிலேயே வராது, பாகுத்தடைதான் ராஜா. தண்ணீரில் நீந்துகிற பாக்டீரியா திடீரென்று நீந்துவதை நிறுத்தினால் எவ்வளவு தூரம் சறுக்கிக்கொண்டு போகும் என்று பர்செல் என்ற இயற்பியலாளர் 1977-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு! ஆகவே கைனசின் ஒவ்வோர் அடியையும் புதிதாகத் தள்ளியே ஆக வேண்டும். சைக்கிள் பெடலை மிதித்துவிட்டுச் சும்மா உருள்வது என்பது செல்லுக்குள் கிடையாது.

பல எஞ்சின் மாறி மாறி இழுத்து, வேகமான சரக்கு நரம்புக்குள் ஒரு நாளில் 400 மி.மீ. வரை போகிறது. 630 ஆண்டுப் பயணம் இரண்டரை நாளாகிவிட்டது. கைனசின் பெரும்பாலும் உட்கருப் பக்கமிருந்து முனைக்குப் போகும் அப் டிரெயின். முனையிலிருந்து உடலுக்குத் திரும்ப, டைனீன் என்ற வேறோர் எஞ்சின், அது டவுன் டிரெயின். பழைய சாமான், முனையில் கிடைத்த செய்தி எல்லாம் அதில்தான் திரும்பி வரும்.

அதே டிரெயினில் டிக்கெட் இல்லாத பயணி

இந்த டவுன் டிரெயினில்தான் வெறிநாய்க்கடி வைரஸ் ஏறுகிறது. கட்டுரையில் மற்றதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

நாய் கடித்த இடத்தில், எச்சிலோடு வைரஸ் தசைக்குள் போகிறது. அங்கே சில நாளோ சில வாரமோ தங்கும். பிறகு நரம்பு முனைக்குள் நுழைந்து, டைனீன் இழுக்கும் சரக்கோடு ஒட்டிக்கொண்டு, முதுகுத்தண்டை நோக்கிப் புறப்படும். அதற்குக் கால் இல்லை, துடுப்பு இல்லை, தானாக நகரத் தெரியாது. நம் ரோடு, நம் எஞ்சின், நம் ஏ.டி.பி. நாளொன்றுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் அது நகரும். நரம்புக்குள் ஏறிவிட்டால் ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள் அதைத் தொடுவது மிகக் கடினம். மூளையை எட்டி, தண்ணீரைக் கண்டால் பயம் வரும் நிலைக்கு வந்துவிட்டால் மருத்துவத்தில் ஏறக்குறைய ஒரு வழியுமில்லை. முகத்தில், கழுத்தில் கடித்தால் காலில் கடித்ததைவிட ஆபத்து விரைவாக வருவதற்கும் காரணம் இந்தத் தூரம்தான்.

கடித்தபிறகு தடுப்பூசி போட்டு எப்படிப் பலிக்கிறது என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. மற்ற நோய்களுக்குப் பெரும்பாலும் வருமுன் ஊசி. இதற்கு வைரஸ் உள்ளே வந்தபின்னும் ஊசி. வைரஸ் ஸ்டேஷனில் காத்திருக்கும் நாள்களுக்குள் உடம்பு எதிர்ப்பொருளைத் தயார் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். 1885 ஜூலை 6-ம் தேதி ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்குப் பாஸ்டர் ஊசி போட்டு ஜெயித்தது இந்தப் பந்தயத்தில்தான். நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் பல காலம் இதற்கான மருந்தைத் தயாரித்தது.

நம் விடுதி நண்பன் ஒருவனை மெஸ்ஸுக்குப் போகும் வழியில் நாய் கடித்தது. ஆடுசதையில் இரண்டு பல் பதிந்திருந்தது. முதல் ஊசிக்கு நாலு பேர் சேர்ந்து போனோம். இரண்டாவதற்கு அவனே போனான். மூன்றாவது நாள் கணக்கு வந்தபோது, "புண்ணு ஆறிடுச்சுடா, நாயும் நல்லாத்தான் சுத்துது, யூனிட் டெஸ்ட் வேற இருக்கு" என்றான். அவன் ரூம்மேட் கால்குலேட்டரை எடுக்கவில்லை, சைக்கிளை எடுத்தான். "ஏறி உக்காருடா, பேசாம வா" என்று கூட்டிக்கொண்டு போனான். புண் ஆறுவதற்கும் உள்ளே நடக்கும் பயணத்துக்கும் சம்பந்தமே இல்லை. தோல் மூடிவிட்டது என்பது ஸ்டேஷன் கேட்டைப் பூட்டிய மாதிரி. உள்ளே போனவன் போனவன்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. கடித்த உடனே குழாயடியில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சோப்பு வைரஸின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும், அங்கே ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்று ஒன்று, பிறகு 3, 7, 28-ம் நாள்கள். ஆழமான காயமென்றால் அதைச் சுற்றித் தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசியும் உண்டு. நம் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும்வரை கேட்டில் நிற்க ஆள் வைப்பது அது. 28-ம் நாள் ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

செங்காந்தளும் நித்தியகல்யாணியும்

ரோட்டைப் பெயர்த்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் விடை நம் ஊர் வேலியிலேயே பூத்திருக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தள், கிராமத்தில் கண்வலிக்கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் போட்டு விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். விதையில் இருப்பது கோல்ச்சிசின். அது டியூபுலின் கல்லைப் பிடித்துக்கொண்டு நுண்குழல் கட்ட விடாது. 1960களில் டியூபுலினையே அடையாளம் கண்டது, கோல்ச்சிசின் போய் எதில் ஒட்டுகிறது என்று தேடிப் பார்த்துத்தான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பதும் நுண்குழல்தான். ஆகவே கோல்ச்சிசின் பட்டால் குரோமோசோம் இரட்டித்தபின் பிரியாமல் நின்றுவிடும். விதையில்லாத் தர்பூசணிக்கு வழி பிறந்தது இப்படி. மிகச் சிறிய அளவில் கீல்வாதத்துக்கு மருந்து, அளவு மீறினால் எமன். அந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு.

நித்தியகல்யாணிக்கும் இதே குணம். மடகாஸ்கரிலிருந்து வந்து நம் வாசலில் குடியேறிய செடி. அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து. அதுவும் நுண்குழலைக் கட்ட விடாமல், ஓயாமல் பிரியும் புற்றுச் செல்லை நிறுத்துகிறது. ஆனால் மருந்துக்குப் புற்றுச் செல்லின் ரோடு எது, நரம்பின் ரோடு எது என்று தெரியாது. அதனால் நோயாளிக்கு மரத்துப் போகும். எங்கே முதலில்? கால்விரல் நுனியில். மிக நீளமான நார் எதுவோ, போக்குவரத்து நின்றால் முதலில் பட்டினி கிடப்பது அதன் கடைக்கோடிதான். மேலே போட்ட ஒரு மீட்டர் கணக்கை நோயாளியின் பாதம் போட்டுக் காட்டுகிறது.

கண்ணால் பார்க்க

இதெல்லாம் நம்பும்படி இல்லை என்பவர்கள் குளத்திலிருந்து கொஞ்சம் வேலம்பாசி எடுத்து வாருங்கள். மீன்தொட்டிக் கடையிலும் கிடைக்கும். நம் மெட்டலர்ஜி லேப் மைக்ராஸ்கோப் இதற்கு ஆகாது. அது மேலிருந்து ஒளி விழுந்து பிரதிபலிக்கும் வகை. பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் கேட்டால் அடியிலிருந்து ஒளி வரும் சாதாரண மைக்ராஸ்கோப் கிடைக்கும். நுனிப்பக்கத்து இளம் இலை ஒன்றைக் கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர் கிளாஸ் மூடி, இலையின் நடுநரம்புப் பக்கத்துச் செல்களைப் பாருங்கள். முதலில் பச்சை மணிகள் சும்மா நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் சில நிமிடம் பொறுத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோரமாக வரிசை கட்டிச் சுற்ற ஆரம்பிக்கும். சுவரோரம் இருக்கும் ஆக்டின் இழைமேல் மையோசின் என்ற மோட்டார்கள் ஓடி, கூடவே சைட்டோபிளாசத்தை இழுத்துக்கொண்டு போகின்றன. மணிகள் அந்த வாய்க்காலில் மிதக்கும் படகுகள்.

கோர்ட்டி பார்த்த கேராவில் இந்த ஓட்டம் இன்னும் வேகம், நொடிக்கு 100 மைக்ரான் வரை. அதன் ஒரு செல்லே சில சென்டிமீட்டர் நீளம் இருக்கும். விரவலில் 23 நாள் ஆகும் ஒரு சென்டிமீட்டரை அது 100 நொடியில் கடந்துவிடும். ஸ்டாப்வாட்ச் கையில் இருந்தால் வேலம்பாசியின் வேகத்தையும் அளந்துவிடலாம். பார்வை வட்டத்தின் விட்டம் எத்தனை மைக்ரான் என்று மட்டும் முதலில் ஒரு கண்ணாடி ஸ்கேலை அடியில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.